சனிக்கிழமை வகுப்பு இல்லை

ஒஸ்லோவின் குரோருட் அடுக்குமாடிகளில் என்னோடு வளர்ந்தவர்களே, இப்போது எங்கள் எல்லோருக்கும் வாசிக்கிற கண்ணாடி வந்துவிட்டது. மாடிப்படியைக் கண்டால் முழங்கால் முறுகுகிறது. இனியாவது ஒளிக்காமல் கதைப்போம். எங்களுக்குப் பத்துப் பதினொரு வயதிலேயே உத்தியோகம் கிடைத்ததே, நினைவிருக்கிறதா? சம்பளமில்லாத உத்தியோகம். வீட்டுக்கு வருகிற கடிதத்தை வாசித்துச் சொல்வது, டொக்டரிடம் கூடப்போய் அம்மாவின் வயிற்றுவலியை நொஸ்க்கில், அதாவது நோர்வே மொழியில், எடுத்துச் சொல்வது, பள்ளிக்கூடத்தில் எங்களைப் பற்றி ரீச்சர் வைத்த முறைப்பாட்டை நாங்களே அப்பாவுக்குத் தமிழாக்குவது. அந்தக் கடைசி வேலையில் எல்லோரும் கொஞ்சம் கள்ளம் செய்தோம். வகுப்பில் நான் வாய் ஓயாமல் கதைத்துக் குழப்புவதாக ரீச்சர் சொன்னார். "பிள்ளை வகுப்பிலை கெட்டித்தனமாக் கதைக்குதாம்" என்று நான் அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா எழும்பி நின்று ரீச்சருக்குக் கைகொடுத்தார்.

உங்கள் கள்ளங்கள் அந்தளவோடு நின்றிருக்கும். என்னுடையது நிற்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. நாங்கள் மூன்றாம் மாடி, சித்தியும் சித்தப்பாவும் அதே வாசலில் கீழ்த்தட்டு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே நான் இரண்டு வீட்டுப் பிள்ளை. அம்மாவும் அப்பாவும் கட்டடம் துப்புரவாக்கும் வேலைக்குப் போய் வருகிற நேரமெல்லாம் எனக்குச் சோறும் சண்டையும் சிரிப்பும் கீழ்வீட்டில்தான்.

சித்தியின் கலியாணத்தை முடிவு செய்தது நான் என்று வீட்டில் ஒரு பகிடி உண்டு. ஊரில், எனக்கு ஆறு வயது. நோர்வே மாப்பிள்ளைக்குச் சாதகம் பொருந்தியிருந்தது, ஆனால் அவருக்குச் சித்தியைவிடப் பதினாறு வயது கூட. வீட்டில் ஆளுக்கொரு கதை. கடைசியில் பிள்ளையார் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். எதில் எதுவென்று தெரியாத சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது வழக்கம். என்னை விட்டார்கள். நான் எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ இருந்தது. வெள்ளை என்றால் கலியாணம். எல்லோரும் என்னைத் தூக்கிக் கொஞ்சினார்கள். சித்தி எனக்கு ஒரு தோடம்பழ இனிப்புத் தந்தா. அவவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

சித்தப்பா ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே வந்து, வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் நாலு வருடம் மீன் வெட்டிவிட்டு, ஒஸ்லோவில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். கையைவிட்டு மீன் மணம் போகவில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. சாப்பிட முதல் தேசிக்காய்ப் பாதியை உள்ளங்கையில் தேய்தேயென்று தேய்ப்பார். எங்களுக்கு ஒரு மணமும் வராது. அவருடைய தம்பியை ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போனது, திரும்பி வரவில்லை. அந்தத் தம்பியின் படம் அவர்கள் வீட்டு ரீவிக்கு மேலே, பிளாஸ்ரிக் மாலையோடு தொங்கியது. சித்தப்பா ஒருநாளும் குரலை உயர்த்தியவரில்லை. சித்தியோடு அவர் கதைத்ததும் மிகக் குறைவு. வேலையால் வருவார், சாப்பிடுவார், பழைய கணக்குக் கொப்பி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு தனக்குத் தானே கணக்குச் செய்வார். நல்ல மனிசன். அது சத்தியம். சித்தி அந்த வீட்டில் ஐந்து வருடம் தனியே இருந்தா என்பதும் சத்தியம்.

சனிக்கிழமை எனக்கு முழுக்கு. சித்தி தலைக்கு எண்ணெய் வைத்து, தோய வார்த்து, கட்டிலில் தனக்கு முன்னால் இருத்தித் தலை இழுத்து விடுவா. அந்தக் காலத்தில் என் தலைமயிர் இடுப்புக்குக் கீழே. நாலைந்து பல் உடைந்த மஞ்சள் சீப்பு ஒன்று. சிக்கெடுக்கும்போது நோகாமல் இருக்க மயிரை அடியில் ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வா. அம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. இரண்டு பின்னல், கறுப்பு ரிபன். அது முடிந்தால் இரண்டு பேரும் வெளிக்கிட்டு ட்வெய்ட்டாக் கடைத்தொகுதிக்குப் போவோம். குரோருட்டிலேயே கடை இருக்க, ஏன் இறங்கி ஏறி மாறி ட்வெய்ட்டாவுக்கு என்று நான் கேட்டதில்லை. போகும் வழி எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்பது வளர்ந்த பிறகுதான் விளங்கியது.

அங்கேதான் அந்த ஆள் வருவார். சித்தியோடு மொழி வகுப்பில் படிப்பவர். மெலிந்த ஆள், முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு நீக்கல். கடைத்தொகுதிக்குள்ளே ஒரு கோப்பிக்கடை மூலையில் மூன்று பேரும் இருப்போம். எனக்குச் சூடான சொக்லேட். அவர்கள் இருவரும் நொஸ்க்கில் கதைப்பார்கள். வகுப்பில் படித்த வசனங்கள் மட்டும்தான். "இன்று குளிர்." "ஓம், இன்று மிகவும் குளிர்." "உனது சகோதரியின் மகள் பசியாக இருக்கிறாளா?" நான் வாத்தியாரம்மா மாதிரி இடையில் புகுந்து திருத்துவேன். சித்தி கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பா. வீட்டில் சித்திக்கு அந்தச் சிரிப்பு இல்லை. இரண்டு பேருக்கும் அந்த ஓட்டை மொழியைத் தவிர வேறு பொதுமொழி இல்லை என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஏதோ வடக்கிந்தியர் என்று நினைத்திருந்தேன்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, அவர் காசு போடும் ரெலிபோனில் யாரோடோ கதைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். சிங்களம். எனக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் அந்த ஓசை தெரியும். ஊரில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி, அப்பாவின் சேர்ட்டைப் பிடித்து இழுத்தபோது கேட்ட ஓசை. சொக்லேட் கோப்பையை அப்படியே கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டேன். சித்தி என் முகத்தைப் பார்த்தவுடன் விளங்கிக்கொண்டா.

திரும்பி வரும் வழியில் ரயிலில், "ஆமியோ?" என்று கேட்டேன்.

"விசரி. ஆமியில்லை. அவன்ரை ஊரிலையும் பொடியளைச் சுட்டுத் தெருவிலை போடுறாங்களாம். அதுக்குத் தப்பி ஓடி வந்தவன்."

"சித்தப்பாவுக்குத் தெரியுமோ?"

சித்தி யன்னலுக்கு வெளியே பார்த்தா. ஒரு தரிப்பு தாண்டிய பிறகு, "அம்மாட்டைச் சொல்லிப்போடாதை, குஞ்சு" என்று மட்டும் சொன்னா. நான் சொல்லவில்லை. ஆனால் அன்றையிலிருந்து ரீவிக்கு மேலே இருந்த அந்தத் தம்பியின் படத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஈஸ்டர் வந்தது. இந்த ஊரின் ஈஸ்டர் உங்களுக்குத் தெரியும். ஐந்து நாள் கடை இல்லை, ஒரு மண்ணும் இல்லை, நோர்வேக்காரர் எல்லாரும் மலைக்குப் போய்விடுவார்கள், கட்டடம் முழுக்க எங்கள் ஆட்களும் தோடம்பழமும்தான். பெரிய வியாழன் பின்னேரம் பெண்களெல்லாம் எங்கள் வீட்டில் கூடினார்கள். புதுத் தமிழ்ப்படக் கசெற் ஒன்று, கையிலிருந்து கைக்கு மாறிக் கடைசியாக எங்கள் முறை. போட்டு ஐந்து நிமிடத்தில் மெசின் நாடாவைத் தின்றுவிட்டது. ஐந்தாம் மாடி அன்ரி விரலை விட்டு இழுக்க, குடல் மாதிரி நாடா வெளியே வந்தது. எங்கள் கட்டடத்தில் வாய் என்றால் ஐந்தாம் மாடி அன்ரியின் வாய்தான். கசெற்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டி முடித்துவிட்டு, "சரி, உந்த வெள்ளைக்காரன்ரை ரீவியையெண்டாலும் போடு பிள்ளை, வந்ததுக்கு எதையாவது பாப்பம்" என்றா.

அப்படித்தான் அந்த அயர்லாந்துப் படம் எங்கள் வீட்டுக்கு வந்தது. இங்கிலிஷ் படம், கீழே நொஸ்க் எழுத்து. நான் ரீவிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து எழுத்தை வாசித்து வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். நீளமான படமென்று வியாழக்கிழமை பாதி, திங்கட்கிழமை மீதி என்று போட்டார்கள்.

கடலோரத்தில் ஒரு கிராமம். அவ்வளவு பச்சையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காற்றில் புல்லெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். அந்த ஊரில் ஒரு தபால்காரர், வயதானவர், அமைதியானவர். அவருக்கு ஒரு இளம் மனைவி, சிவப்புச் சால்வை. யுத்த காலம். ஊருக்குள் இங்கிலிஷ் ஆமி வந்து முகாம் போட்டிருக்கிறது. வண்டியை மறித்து ஆட்களை இறக்கி வரிசையில் நிற்கவைத்து, தொப்பியைக் கழற்றச் சொல்லுகிற ஒரு காட்சி வந்தது. அதுவரை தோடம்பழம் உரித்துக்கொண்டும் வம்பளந்துகொண்டும் இருந்த பெண்களெல்லாம் கப்சிப். "இது எங்கடை கதையெல்லோ" என்று அம்மா மெல்லச் சொன்னா. நான் வாசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பிறகு அந்த முகாமில் கால் நொண்டுகிற ஒரு இளம் அதிகாரி வருகிறான். தபால்காரரின் மனைவி அவனைக் கடற்கரையில் சந்திக்கிறாள். குதிரையில் போகிறார்கள்.

"ஆரடி உவன்?" என்றா ஐந்தாம் மாடி அன்ரி.

எனக்குப் பின்னால் சோபாவில் சித்தி இருந்தா. திரும்பிப் பார்க்காமலே அவ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. "அது அவவின்ரை ஒண்டுவிட்ட அண்ணன்" என்றேன்.

நான் சொல்லி வாய் மூடவில்லை, படத்தில் இருவரும் மரத்தடியில் கட்டிப்பிடித்துக் கொஞ்சத் தொடங்கினார்கள். வீடே இடிந்து விழுந்த மாதிரிச் சிரிப்பு. "எடி, அண்ணனெண்டால் உப்பிடியோ கொஞ்சுறது!" அன்ரிக்குச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. அம்மா என் தொடையில் கிள்ளி, "உள்ளதை உள்ளபடி சொல்லு, இல்லாட்டி எழும்பு" என்றா. சித்தி சிரிக்கவில்லை. தோடம்பழத் தோலைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தா.

திங்கட்கிழமை மீதிப் படத்துக்குப் பெண்கள் முதல் நாளைவிடக் கூடப் பேர் வந்தார்கள். படத்தில் ஊருக்கு விசயம் தெரிந்துவிட்டது. தேவாலயத்தில் அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. கிணற்றடியில் பெண்கள் அவள் காலடியில் துப்பினார்கள். ஆமிக்குத் துப்புக் கொடுத்தவள் என்றார்கள், அவள் கொடுக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தெரியும். "காட்டிக்குடுத்தவளெண்டு சொல்லுறாங்கள்" என்று நான் சொன்னேன். அந்தச் சொல்லின் பாரம் அந்தப் பெண்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அதிகாரியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது அவளுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறான். அந்த ஊருக்குத் தபால்காரர் யார்? அவளுடைய புருசன். பையைக் கொட்டித் தரம்பிரிக்கும்போது அந்தக் கடிதம் அவர் கையில் அகப்படுகிறது. மழையில் நனைந்து நனைந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு தன் வீட்டு வாசலில் நிற்கிறார். சரியாக அந்த இடத்தில் எங்கள் கதவு திறந்தது. அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் இரண்டு ஆம்பிளைகளும் வேலை முடிந்து வந்தார்கள். ஆம்பிளைகளுக்கு முன்னால் இப்படியொரு படமா! அம்மா பாய்ந்து போய் ரீவியை நிற்பாட்டினா.

ஆம்பிளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்ற என்று பெண்களெல்லாம் குசினிக்குள் ஏறி, அங்கேயே வழக்கு நடத்தினார்கள்.

"கிழிச்சு அடுப்பிலை போட்டிருப்பான்" என்றா அன்ரி. "போடத்தானே வேணும். குடும்பமெண்டு ஒண்டு இருக்கெல்லோ."

"ஓம், எரிச்சால் அதோடை எல்லாம் முடிஞ்சுது. அவளும் அடங்கி இருந்திருப்பாள்" என்றா அம்மா.

சித்தி கோப்பைகளைத் தட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தா. "குடுத்திருப்பான்" என்றா. "அது அவளின்ரை கடிதம்தானே."

அன்ரி ஒரு கணம் சித்தியைப் பார்த்தா. பிறகு வேறு கதை தொடங்கிவிட்டது.

புதன்கிழமை எங்கள் வீட்டில் கடிதம் வாசிக்கும் நாள். அதுவும் உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். வாரத்தில் சேர்ந்த கடிதங்களைச் சித்தப்பா கீழேயிருந்து கொண்டுவருவார், எங்களுடையதை அப்பா எடுத்து வைப்பார், நான் மேசையில் நடுவில் இருந்து ஒவ்வொன்றாக உடைத்து வாசிப்பேன். யாரின் கடிதம், யார் வாசிக்கலாம் என்ற கேள்வியே அந்த வீடுகளில் இல்லை. நொஸ்க்கில் வந்தால் அது என் கடிதம்.

அன்றைக்கு முதலில் கரண்ட் பில். பிறகு, முற்றம் கூட்டித் துப்புரவாக்க எல்லோரும் வரவேண்டும் என்று கட்டட நிர்வாகத்தின் அறிவித்தல். மூன்றாவது ஒரு வெள்ளைக் கவர், அனுப்பியவர் பெயர் இல்லை, மேலே சித்தியின் பெயர் மட்டும். உள்ளே வகுப்புக் கொப்பியில் கிழித்த கட்டம் போட்ட தாள். பெரிய எழுத்தில், வகுப்பில் படித்த வசனங்களில்:

"நான் சனிக்கிழமை இரண்டு மணிக்கு லில்லெஸ்ட்ரோம் நிலையத்தில் நிற்பேன். எனக்குத் திரொண்ட்ஹைமில் வேலை கிடைத்திருக்கிறது. நான் இரண்டு ரிக்கற் வாங்கினேன். நீ வராவிட்டால் நான் கோபிக்க மாட்டேன். நான் தனியே போவேன். உனது சிரிப்பு மிகவும் நல்லது."

அப்பா தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. சித்தப்பா எனக்கு நேர் எதிரே. சித்தி குசினி வாசலில் கேத்தலோடு நின்றா. நான் கேத்தலைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. கேத்தலின் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

உள்ளதை உள்ளபடி சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், திங்கட்கிழமைதான் ரீவியில் பார்த்திருந்தேன். கிணற்றடி. துப்பல். ஆனால் உங்களுக்கு ஒளிப்பானேன், சித்தியைக் காப்பாற்ற மட்டும்தான் பொய் சொன்னேன் என்று சொன்னால் அது இரண்டாவது பொய். சித்தி போய்விடுவா. எனக்கு யார் தலை இழுப்பது? எனக்கு அதுதான் முதலில் நெஞ்சில் இடித்தது.

தாளில் இருந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "சித்தியின்ரை மொழி வகுப்பிலையிருந்து. சனிக்கிழமை வகுப்பு இல்லையாம்."

"சனிக்கிழமையோ?" என்றார் சித்தப்பா.

"ஓம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, சாரத்து நுனியால் துடைத்து, திரும்பப் போட்டார். "சரி, நல்லது பிள்ளை" என்றார். சித்தி கேத்தலை அடுப்பில் வைத்தா. அம்மா வெங்காயம் கண்ணை எரிக்குது என்றா. வேறொன்றும் நடக்கவில்லை. நான் அந்தக் கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கி, என் பள்ளிக்கூடப் பையின் அடியில் கணக்குப் பெட்டிக்குள் வைத்தேன்.

வியாழன், வெள்ளி. கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்காத நேரம் இல்லை. வியாழக்கிழமை சித்தி எனக்கு நண்டுக்குழம்பு வைத்தா, நண்டுக் காலை உடைத்து உடைத்துச் சதையை எடுத்து என் கோப்பையில் வைத்தா. பை என் காலடியில் கிடந்தது. வெள்ளிக்கிழமை என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகத் தான் வருவதாக வந்தா. எனக்குப் பதினொரு வயது, ஒருவரும் கூட்டிப்போகத் தேவையில்லை. பள்ளிக்கூட வாசல்வரைக்கும் என் பையைத் தான் தூக்கி வந்தா. அந்தப் பை அவவின் தோளிலேயே தொங்கியது, கடவுளே.

சனிக்கிழமை வழமைபோல முழுக்கு. கட்டிலில் முன்னால் இருத்தித் தலை இழுத்தா. அன்றைக்கு ட்வெய்ட்டாவுக்கு வெளிக்கிடும் அவசரம் இல்லை. சிக்கே இல்லாத இடத்திலும் திரும்பத் திரும்ப இழுத்தா. அலுமாரிக்கு மேலே ஒரு சின்ன எலாம் மணிக்கூடு, அதன் முள் நகர நகர நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றரை. ஒன்றே முக்கால்.

"குஞ்சு, என்னட்டை ஏதும் சொல்ல வேணுமோ?" என்று பின்னாலிருந்து கேட்டா.

"இல்லை" என்றேன்.

சீப்பு கொஞ்சநேரம் அசையாமல் நின்றது. பிறகு பின்னத் தொடங்கினா. ரிபனை அன்றைக்குக் கட்டின இறுக்கம், இரண்டு நாளாகத் தலை வலித்தது.

பின்னேரம் நான் மூன்றாம் மாடிக்கு ஏறி, படிக்கட்டில் இருக்கும் குப்பைக் குழாயின் இரும்பு மூடியைத் திறந்து கடிதத்தைப் போட்டேன். அந்தக் குழாயில் போத்தல் போட்டால் அடிமட்டும் கடகடவென்று கேட்கும், உங்களுக்கு நினைவிருக்கும், அதற்காகவே போடுவோமே. கடிதம் விழுந்த சத்தம் கேட்கவில்லை. நான் மூடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

அந்த ஆளை நான் பிறகு காணவில்லை. சித்தி வகுப்புக்குப் போவதை நிற்பாட்டிவிட்டா. "எனக்கு உந்தப் பாசை ஏறாது" என்றா. எல்லோரும் நம்பினார்கள். அதற்குப் பிறகு சித்தியின் வாயிலிருந்து ஒரு நொஸ்க் வசனம் நான் கேட்டதில்லை. கடை, டொக்டர், அலுவலகம் எல்லாவற்றுக்கும் நான்தான் கூடப் போனேன். நான் கலியாணம் கட்டி, என் பிள்ளைகளும் வளர்ந்து, இன்னும் நான்தான் போகிறேன். போன வருடம் டொக்டர், நோய் ஈரலுக்கும் பரவிவிட்டது என்று சொன்னதையும் நான்தான் தமிழில் சொன்னேன். அதை உள்ளபடி சொன்னேன். சித்தி தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நல்லா விளங்கப்படுத்துறாய் பிள்ளை" என்றா.

சித்தப்பா செத்துப் பதினொரு வருடம். கடைசிவரைக்கும் தேசிக்காய் தேய்த்தார். சித்தி இன்னமும் அதே கீழ்த்தட்டு வீட்டில், ரீவிக்கு மேலே இப்போது இரண்டு படங்கள்.

இந்த வருடம் ஈஸ்டருக்கு அந்தப் படத்தைத் திரும்பப் போட்டார்கள். சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். சும்மா ரீவியைப் போட, அதே பச்சை, அதே சிவப்புச் சால்வை. நிற்பாட்டுவமோ என்று கேட்டேன். "விடு, அண்டைக்கு முடிவு பாக்கேல்லை" என்றா. இத்தனை வருடமாக அந்தப் படத்தைப் பற்றி நாங்கள் ஒரு சொல் கதைத்ததில்லை.

தபால்காரர் மழையில் கடிதத்தோடு வாசலில் நின்றார். அம்மா ரீவியை நிற்பாட்டிய இடம். அதைத் தாண்டிக் கதவைத் திறந்தார். மனைவி மேசையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நனைந்த தொப்பியைக் கழற்றி ஆணியில் கொழுவினார், கடிதத்தை அவளுக்கு முன்னால் வைத்தார், ஒன்றும் பேசாமல் வெளியே போய் விறகு கொத்தத் தொடங்கினார். அவள் போனாள். அடுத்த நாள் அவளுடைய பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு படகுத்துறைவரை வந்தார். ஊர் முழுக்க யன்னலால் பார்த்தது. அவர் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் அண்டைக்கே சொன்னனான்" என்றா சித்தி. "குடுப்பான் எண்டு."

எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. ஐம்பது வயதுப் பொம்பிளை நான், சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதேன். "சித்தி, அந்தக் கடிதம் வகுப்பிலையிருந்து வரேல்லை" என்றேன்.

சித்தி தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தா. கை நடுங்குவதால் இப்போது மெல்லத்தான் உரிக்கிறா. "எனக்கு ஒருநாளும் சனிக்கிழமையிலை வகுப்பு இருந்ததில்லை, பிள்ளை" என்றா. "நாங்கள் ரெண்டு பேரும் சனிக்கிழமையிலை ட்வெய்ட்டாவிலை எல்லோ. வேலை கிடைச்சால் வரச்சொல்லி எழுதுவன் எண்டு சொல்லியிருந்தவன், அவன்ரை எழுத்தும் எனக்குத் தெரியும். கவரை நீ உடைக்கேக்கையே கண்டிட்டன்."

"அப்ப ஏன் கேக்கேல்லை? ஏன் சித்தி என்னட்டைக் கேக்கேல்லை?"

"அந்த மனிசனுக்கும் தெரியும். சனிக்கிழமையோ எண்டு கேட்டவர் எல்லே. அதுக்குப் பிறகு சாகுமட்டும் கேக்கேல்லை." ஒரு சுளையைப் பிரித்து, நாரை எடுத்துக்கொண்டே சொன்னா: "பூக்கட்டிப் பாக்கிற மாதிரி உன்னை விட்டுப் பாத்தன். முதலும் நீதானே எடுத்துத் தந்தனி. நீ அதைக் கொண்டுவந்து தந்தால் போறது, தராட்டி நிக்கிறது எண்டு நினைச்சுக்கொண்டன். சனிக்கிழமைமட்டும் உன்ரை கையைப் பாத்துக்கொண்டிருந்தனான்."

நண்டுக்குழம்பு. தோளில் தூக்கிய பள்ளிக்கூடப் பை. என்னட்டை ஏதும் சொல்ல வேணுமோ. பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் தன் சீவியத்தைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அவவில் எனக்குக் கோபமும் வந்தது, சத்தியமாக வந்தது. அதைவிடக் கூட என்னில் வந்தது.

கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவ கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். திரொண்ட்ஹைம், வேலை, இரண்டு ரிக்கற், கோபிக்க மாட்டேன், தனியே போவேன். சிரிப்பைப் பற்றி எழுதியிருந்ததையும் சொன்னேன். முதலில் நொஸ்க்கில் அவர் எழுதியபடியே சொன்னேன், பிறகு தமிழில். ஒரு சொல் விடவில்லை. முப்பத்தெட்டு வருடம் அது எனக்குப் பாடம்.

சித்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. ரீவியில் படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"எத்தினை மணிக்கு வரச்சொன்னவன்?" என்றா.

"ரெண்டு மணிக்கு. லில்லெஸ்ட்ரோம் ஸ்ரேசனிலை."

சித்தி அலுமாரிக்கு மேலே பார்த்தா. அந்த எலாம் மணிக்கூடு அங்கே இல்லை, எப்போதோ உடைந்து போனது.

"ரெண்டு மணிக்கு" என்றா, "உனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தனான்."

உரித்த தோடம்பழத்தில் பாதியை என் கையில் வைத்தா.